அக்காவின் தொளதொள டி-ஷர்ட்டுகள்

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கல்ல. சட்டையை ஆல்டர் செய்யப் போன கடையில் தையல்காரி சொன்னது. கேட்டு முடித்ததும், வாய் சும்மா இராமல், "நல்ல கதைங்க" என்று சொல்லிவிட்டேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அந்த வெட்கத்தில்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் எழுதிய தொடக்கம்: "எந்தப் பழைய டி-ஷர்ட்டைக் கொடுத்தாலும் புத்தம்புது உடுப்பாக்கிவிடும் கைராசிக்காரி ஒருத்தி" (விளம்பரம் போல இருக்கிறது. நிறுத்திவிட்டேன்.)

2

தையல்காரியின் அக்கா இரண்டு வருடம் கழித்து நாலு நாள் தங்க வந்தாள். உடுத்தி வந்தது ஒன்று, பையில் ஆறு. எல்லாம் அத்தானுடைய பழைய டி-ஷர்ட்டுகள், தொளதொளவென்று. ஒரு காலத்தில் தங்கை தைத்ததைப் போட்டுக்கொண்டு தெருவையே திரும்பிப் பார்க்கவைத்தவள் அவள். தங்கைக்கு மனசு கேட்கவில்லை.

மூட்டுவலிக்கு டாக்டரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அக்கா வெளியே போன பகலில், தங்கை ஆறையும் வெட்டினாள். ஒன்றின் கழுத்தை அகட்டினாள், ஒன்றுக்கு இடுப்புப் பட்டை வைத்தாள், இரண்டைச் சேர்த்து ஒரு கவுன். எல்லாமே உடம்போடு கச்சிதமாக நிற்கும்படி.

(அளவு? நோட்டைக்கூடப் புரட்டவில்லையாம். அக்கா அளவு மனப்பாடம். இந்தப் பெருமையை விட்டுவிடலாமா என்று யோசித்தேன். தப்பே அதில்தான் இருக்கிறது.)

3

அக்கா ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். அழகாக இருக்கிறது என்றாள். அப்புறம் கேட்டாள்:

"அப்ப, நான் போட்டிருக்கறது மட்டும்தான் மிச்சமா?"

போன வருடம் அவளுடைய இடது மார்பை எடுத்திருந்தார்கள். தங்கைக்குச் சொல்லவில்லை. அந்தத் தொளதொளப்பை நம்பித்தான் அவள் தெருவில் இறங்கிக்கொண்டிருந்தாள்.

"சொல்லியிருக்கலாம்லக்கா."

"நீ கேக்கலையே."

மறுநாள் காலை அக்கா கிளம்பிவிட்டாள். போனில் பேசுகிறாள். தங்க மட்டும் வருவதில்லை.

4

முடிவு ஒன்று: தங்கை துண்டுகளை மறுபடி இணைத்து (நடக்காது. பனியன் துணியை வெட்டினால் வெட்டியதுதான், அவளே சொன்னாள்.)

முடிவு இரண்டு: இருவரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். (அழவில்லை.)

முடிவு மூன்று: தைப்பதும் கதை எழுதுவதும் ஒன்றுதான் என்று நான் தத்துவம் பேசுவது. வேண்டாம், நாளைக்கு அவள் முகத்தில் நான் எப்படி விழிப்பது?

5

எழுதப்போகிறேன் என்று அவளிடம் சொன்னேன். கத்தரியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:

"எழுதறதுன்னா, வெட்டறதுக்கு முன்னாடி நான் ஒரு வார்த்தை கேட்டதா எழுதுங்க."

கேட்டதாகவே எழுதினேன்:

"ஏங்க்கா, எல்லாமே இவ்வளவு தொளதொளன்னு இருக்கு?" என்றாள் தங்கை. அக்கா

இதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை. அக்கா என்ன சொல்லியிருப்பாள் என்று தங்கையைக் கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை. படிக்கிறவர்களில் யாராவது தங்கையிடம் எதையாவது மறைத்த அக்காவாக இருந்தால், அந்த வரியை நீங்களே முடித்துக்கொடுங்கள். அவளிடம் கொண்டுபோய்ப் படித்துக்காட்டுகிறேன்.