டி.வி. மேல் ஒரு பாலைவனம்

உக்கிரபாண்டி ஐம்பத்தெட்டு வயதுவரை ஓர் உண்மையையும் சொல்லி மாட்டிக்கொண்டதில்லை.

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பேப்பர் வெட்டும் மெஷின் ஓட்டுகிறவர். வீடு விஸ்வநத்தத்தில். ஒருதரம் தாளை அத்தனை மெல்லிசாகச் சீவியதில் அதற்கு முன்பக்கம் மட்டும்தான் மிஞ்சியது, பின்பக்கம் அடுத்த கட்டோடு போய்விட்டது என்பார். ஒரு தீபாவளிக்கு விட்ட ராக்கெட் மறு தீபாவளிக்கு முந்தின நாள் இறங்கி வந்து, வெளியூர் போய்த் திரும்பின பிள்ளை மாதிரி இளைத்துக் கறுத்து வாசலில் நின்றது என்பார். சொல்லும்போது முகத்தில் ஒரு மயிர்கூட அசையாது. டீக்கடையில் சிரித்துவிட்டு வடை வாங்கித் தருவார்கள். பொய்க்கு யாரும் சாட்சி கேட்பதில்லை. அவர் பாடு சுகமாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அந்த வருஷம் பெங்களூர்க் கம்பெனி ஒன்று விதைப் பாக்கெட் அடிக்க ஆர்டர் கொடுத்தது. அளவு பார்ப்பதற்காக, விதையோடு ஆறு மாதிரிப் பாக்கெட்டும் வந்தது. லோடு ஏற்றி அனுப்பின பிறகு குப்பைக்குப் போக இருந்த அந்த ஆறையும் உக்கிரபாண்டி கேட்டு வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நாலில் யூக்கா. ஒன்றில் ஏதோ சீமைக் கற்றாழை. இன்னொன்றில் பந்து மாதிரி உருண்ட ஒரு கள்ளி; அதன் விதையைப் பார்க்க வேண்டுமானால் மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும், விட்டால் பறந்துவிடும். யூக்கா பாக்கெட்டின் படத்தில் கத்தி கத்தியாக இலை, நடுவே ஆளுயரத் தண்டு, தண்டு முழுக்க வெள்ளை மணி கட்டித் தொங்கவிட்டதுபோலப் பூ. அந்தப் படத்தை நாற்பதாயிரம் தரம் வெட்டியவருக்கு நாற்பதாயிரத்து ஒன்றாவதை உயிரோடு பார்க்க ஆசை வந்துவிட்டது.

அச்சகத்தில் கம்ப்யூட்டரில் எழுத்துக் கோக்கிற நாகஜோதிதான் பின்பக்கத்து இங்கிலீஷைப் படித்துச் சொன்னாள்.

"ஒரு நாள் தண்ணியில ஊறப் போடணுமாம் அண்ணாச்சி. பெறகு மணல்ல வச்சு மேல மூடி, வீட்டுக்குள்ளயே சூடா வச்சிருக்கணுமாம். ஈரம் இருக்கலாம், தண்ணி நிக்கக் கூடாதாம். முளைச்சதும் வெளிச்சத்துக்கு மாத்தணுமாம்."

அதற்குக் கீழேயும் ஏதோ பொடி எழுத்தில் இருந்தது. அதையும் படித்துச் சொன்னாள். உக்கிரபாண்டி அதைக் கேட்டு வாயைப் பிளந்தார். அடுத்தவர் சொன்னதைக் கேட்டு அவர் வாயைப் பிளந்தது அதுதான் முதல் தடவை.

சாயங்காலம் டீக்கடையில் விதை போடப்போகிற விஷயத்தைச் சொன்னார். அங்கே அவருடைய பெண்சாதியின் தம்பி கண்ணுச்சாமி இருந்தான். பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். எதையும் பற்றவைத்துப் பார்த்துத்தான் நம்புவான்.

"பாலைவனச் செடிய வீட்டுக்குள்ள வச்சா வளக்கப் போறீக? மச்சான், வாசக் கதவத் தொறந்தா பாலைவனம் சும்மாதானே கெடக்கு!"

"ஏலே மாப்ளே, ஒட்டகம் வெயில்லதான் திரியும். அதுக்காகக் குட்டிய வெயில்லயா போடும்? கூடாரத்துக்குள்ள வச்சுத்தான் போடும்."

"நீங்க கண்டீகளாக்கும்?"

"கூடாரத்துக்குள்ள நடக்குறத எப்படிலே காங்குறது?"

கடையே சிரித்தது. சிரிப்பில் சூடேறிப் பந்தயம் கட்டினார்கள். முப்பது நாளில் யூக்கா முளைக்காவிட்டால் உக்கிரபாண்டி மீசையை எடுத்துவிட வேண்டும். முளைத்துவிட்டால் ஒரு வருஷத்துக்கு அவர் என்ன சொன்னாலும் கண்ணுச்சாமி எதிர்ப் பேச்சில்லாமல் உட்கார்ந்து 'ம்' கொட்ட வேண்டும். எடுக்கப்போவது சின்ன மீசையல்ல. கல்யாண போட்டோவில் மாப்பிள்ளைக்கு முன்னால் அதுதான் வந்து நிற்கும்.

அரசாங்கத்துக் கலர் டி.வி. வீட்டுக்கு வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. அது வந்த தெர்மாகோல் அட்டையே தொட்டியாயிற்று. சல்லி மணலும் செங்கல் தூளும் நிரப்பி, ஊறிய யூக்கா விதை நாற்பத்தெட்டையும் வரிசை பிடித்து வைத்தார். ஒவ்வொன்றும் கறுப்பாக, தட்டையாக, மை தோய்த்த அவல் மாதிரி இருந்தது. கற்றாழைக்கு ஓர் ஓரம், கள்ளிக்கு ஒரு மூலை. மேலே, காலண்டர் சுற்றுகிற கண்ணாடிப் பேப்பர். சூட்டுக்கு என்ன செய்வது? டி.வி. ஓட ஓட அதன் முதுகு கொதிக்கும் என்று கண்டுபிடித்தவர் அவர்தான். மேலே ஒரு பலகையைப் போட்டுத் தொட்டியை ஏற்றிவிட்டார்.

அன்றிலிருந்து வீட்டில் சட்டம் தலைகீழாகியது. சீரியல் ஆரம்பித்தால் ரிமோட்டைப் பிடுங்குகிற மனிதர், "ஏத்தா, அணைச்சுப்புடாத! விளம்பரத்தையும் பாரு! சமையல் சொல்லித் தாராக, அதையும் பாரு!" என்று கெஞ்சினார்.

அவர் பெண்சாதி ஆவுடைத்தாய் இருபத்திரண்டு வருஷமாகத் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடைக்கிறவள். மருந்து தோய்த்த குச்சிகளை அள்ளிப் பெட்டியில் போடுவது வேலை. போடுமுன் கோணலானதை, மண்டை சரிந்ததை விரல் தானே பிடுங்கி ஓரம் போட்டுவிடும். கண் பார்க்க வேண்டியதில்லை. பிடுங்கின கழிவை மூடியில் சேர்த்துக் காட்டாவிட்டால் சூப்பர்வைசர் பெட்டியை வாங்க மாட்டார்.

"வெதைக்கு நாடகம் போட்டுக் காட்டுற மனுசன் இந்தப் பூமியில நீங்க ஒருத்தர்தான் இருப்பீக," என்றாள்.

தினமும் இரண்டு மணி நேரம் கரண்டு போகிற காலம். விளக்கு அணைந்ததும் உக்கிரபாண்டி ஓடிப்போய்த் தொட்டிக்குக் கம்பளி போர்த்துவார். பத்து நாள் போயிற்று. இருபது போயிற்று. மணல் மணலாகவே இருந்தது. டீக்கடைப் பக்கம் போனால் கண்ணுச்சாமி, நாவிதர் வேலை கற்றுக்கொண்டவன்போல் காற்றில் இரண்டு விரலால் கத்தரிப்பான். உக்கிரபாண்டி வீட்டுக்கு வந்து கண்ணாடியில் மீசையைத் தடவி விடைபெற்றுக்கொள்ளப் பழகினார்.

இருபத்தேழாம் நாள் காலை கண்ணாடிப் பேப்பரைத் தூக்கினவர் அப்படியே நின்றார். மணலை முட்டிக்கொண்டு ஒரு பச்சை வளையம். பக்கத்தில் இன்னொன்று. அதற்கப்பால் மூன்று! குனிந்து முதுகைக் காட்டிக்கொண்டு, விதைத்தோலை மண்டையில் கறுப்புத் தொப்பியாகப் போட்டுக்கொண்டு!

"ஏத்தா ஆவுடை! ஓடியா! வந்துட்டாகத்தா, வந்துட்டாக!"

விருந்தாளி வந்துவிட்டார்கள் என்று நினைத்து அவள் சொம்பில் தண்ணீரோடு ஓடி வந்தாள். சனிக்கிழமைக்குள் நாற்பத்து நாலு. உக்கிரபாண்டி மூன்று தரம் எண்ணினார். தொட்டியை இறக்கி, வெளிச்சத்துக்காக ஜன்னலோரம் ஸ்டூலில் வைத்தார். டீக்கடைக்குப் போய் மூச்சிரைக்கச் சொன்னார்: "நாப்பத்து நாலு முளைச்சிருக்கு!"

கடையே விழுந்து விழுந்து சிரித்தது. ஒருவர் வடை வாங்கித் தந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்கு வடை இறங்கவில்லை.

"நாளைக்கு முப்பதாம் நாளு. நேர்ல வந்து பாருங்கலே!"

ஞாயிறு மத்தியானம் அவரே போய்க் கூட்டி வந்தார். முன்னால் கண்ணுச்சாமி, பின்னால் எட்டுப் பேர். கண்ணுச்சாமியின் சட்டைப்பையில் புது பிளேடு இருந்தது. வீட்டில் ஆவுடைத்தாய் ஜன்னலோரம் உட்கார்ந்து டி.வி.யில் படம் பார்த்துக்கொண்டிருந்தாள். படத்தில் அம்மாவும் மகனும் பிரிகிற இடம். அவள் கண்ணில் தண்ணீர் தாரை தாரையாக ஓடியது.

"பாருங்க!" என்று உக்கிரபாண்டி தொட்டியைக் காட்டினார். காட்டின கை காட்டினபடி நின்றது.

தொட்டியில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. நட்டக்குத்தாக, விறைப்பாக, கறுப்பு மண்டையோடு.

கண்ணுச்சாமி குனிந்து பார்த்தான். "மச்சான், மத்தாப்புத் தீப்பெட்டியில வருமே, பச்சைக் கலர் குச்சி, அத மண்ணுல குத்தி வச்சிருக்கீகளா?"

"ஏலே, செடிலே அது! நாப்பத்து நாலு இருந்துச்சுலே! காலையில எண்ணுனேன்!"

"மிச்சம் நாப்பத்து மூணும் எங்கன போச்சு? ஒட்டகம் மேஞ்சிருச்சோ?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

கண்ணுச்சாமி தீப்பெட்டியை எடுத்தான். "பிரச்சனையே இல்ல. ஒரு உரசு உரசுவோம். பத்துனா குச்சி, பத்தலைன்னா செடி." இரண்டு விரலால் அந்த ஒற்றைத் தளிரைப் பிடித்தான். உக்கிரபாண்டி இத்தனை வருஷம் சொன்ன பொய்யெல்லாம் வரிசையாக வந்து, ஒவ்வொன்றும் கண்ணுச்சாமி பக்கமே சாட்சி சொல்லி நின்றன.

"கைய எடுலே!" என்று ஆவுடைத்தாய் கத்தினாள்.

அவள் தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் பவுடர் டப்பா மூடி. மூடி நிறைய, ஒரே பக்கம் தலை வைத்து அடுக்கினபடி, வளைந்த பச்சைக் குச்சிகள்.

"ஐயையோ... படத்த பாத்துக்கிட்டே... கோணக் குச்சின்னுல்ல புடுங்கிப்புட்டேன்! கை தன்னால போயிருச்சேங்க!" மூடியை நீட்டினாள். "ஒண்ணையும் கீழ போடல. கழிவ காட்டணும்ல, அம்புட்டையும் சேத்துதான் வச்சிருக்கேன்."

கண்ணுச்சாமி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். மேலே கறுப்பு மண்டை. நடுவே பச்சை. கீழே, ஒரு விரற்கடை நீளத்துக்கு, வெள்ளை வேர். அதன் நுனியில் ஒரு மணல் பருக்கை தொற்றிக்கொண்டிருந்தது.

"எந்தக் கம்பெனிக் குச்சிக்குலே வேர் இருக்கு?" என்றாள் அக்காள். "இருவத்திரெண்டு வருசத்துல கோடிக் குச்சி பாத்திருக்கேன். சொல்லு!"

அவன் மூடியிலிருந்ததை எண்ணினான். நாற்பத்து மூன்று. தொட்டியில் ஒன்று. மறுபடி எண்ணினான். எட்டுப் பேரும் கூடவே எண்ணினார்கள். பிளேடு சட்டைப்பையிலேயே கிடந்தது.

"பெறகு எண்ணலாம்லே, வாடிப் போயிரும்!" என்று உக்கிரபாண்டி கூத்தாடினார். ஆவுடைத்தாய் ஜன்னல் வழியாக ஒரு சத்தம் போட்டாள். தெருவில் இருந்த குச்சி அடைக்கிற பெண்கள் நாலு பேர் வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். ஒருத்தி ஈர்க்கால் குழி குத்த, ஒருத்தி வேரை இறக்க, ஒருத்தி மணலை அணைக்க, கண்ணுச்சாமி தண்ணீர் தெளிக்கப் பணிக்கப்பட்டான். விளம்பர இடைவேளை முடிவதற்குள் நாற்பத்து மூன்றும் மண்ணுக்குள் போய்விட்டன. கோணல் குச்சிகளை அவர்கள் திருப்பி வைத்தது அன்றைக்குத்தான்.

முப்பத்தொன்று பிழைத்தன. ஒரு வாரத்தில் கள்ளியும் குண்டூசித் தலை அளவுக்குப் பச்சையாக எட்டிப் பார்த்தது. கற்றாழை வரவே இல்லை; அதற்கு நாடகம் பிடிக்கவில்லை என்று உக்கிரபாண்டி சொன்னார்.

பந்தயம் முடிந்த மறுநாள் சாயங்காலம் டீக்கடையில் அவர் பெஞ்சில் சாய்ந்து, மீசையை இரண்டு பக்கமும் நீவிவிட்டார். எதிரே கண்ணுச்சாமி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"மாப்ளே, அந்த யூக்கா பூக்கும். ஆனா அதுபாட்டுக்குக் காய்க்காது. அதுக்குன்னு வெள்ளையா ஒரே ஒரு பூச்சி இருக்கு. அது ஒரு பூவுல தூள எடுத்து உருண்டை பிடிக்கும். தாடைக்கு அடியில இடுக்கிக்கிட்டு அடுத்த பூவுக்குப் பறக்கும். அங்கன போய், நம்ம பொம்பளைக வெடிக்கு மருந்து அடைக்காக பாரு, அந்த மாதிரி உள்ள வச்சுத் திணிக்கும். அந்தப் பூச்சி இல்லைன்னா செடிக்கு வாரிசு இல்ல. செடி இல்லைன்னா பூச்சிக்கும் வாரிசு இல்ல."

நாகஜோதி படித்துச் சொன்ன பொடி எழுத்து அதுதான். ஒரு பொய்கூட அவர் சேர்க்கவில்லை.

கண்ணுச்சாமியின் முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. இந்த மனிதர் இதுவரை சொன்னதிலேயே இதுதான் பெரிய புளுகு என்று அவனுக்குத் தெரிந்தது. வாயைத் திறந்தான். கடையில் எல்லாரும் அவனையே பார்த்தார்கள்.

"ம்," என்றான்.