இரண்டாம் மூட்டையின் புளிப்பு

பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் பின்தெருவில் என் கணவர் தேவதாசன் காப்பிப்பொடிக் கடை வைத்திருந்தார். நான் பள்ளி ஆசிரியை. சாயங்காலம் பள்ளி விட்டதும் கடைக்குப் போய்ப் பொட்டலம் மடித்துக் கொடுப்பேன். அவர் போய் ஒன்பது வருடமாகிறது. கடையும் இப்போது வேறொருவர் கையில். ஆனாலும் தொண்ணூற்றாறாம் வருடத்து மழைக்காலத்தை நினைத்தால் எனக்குச் சிரிப்புத்தான் முதலில் வருகிறது.

அதுவரை எந்த மலையில் விளைந்தது என்று கேட்டுக் காப்பிக்கொட்டை வாங்கும் வழக்கம் எங்களுக்கு இல்லை. பல தோட்டத்துக் கொட்டையும் ஒன்றாகக் கலந்துதான் ஏலத்துக்கு வரும். தோட்டக்காரர்களே நேராக விற்கலாம் என்று ஆன பிறகு, தாண்டிக்குடி மலையில் சின்னத் தோட்டம் வைத்திருந்த கணேஷ்ராம் என்பவருக்கு இவர் கடிதம் போட்டார். ஐப்பசியில் ஒரு மூட்டை வந்தது. வேறு எதனோடும் சேர்க்காமல் வறுத்து அரைத்தார்.

குடித்து முடித்த பிறகு தொண்டையில் ஒரு இனிப்பு. அதற்குப் பின்னால் லேசான புகை. இவருக்குக் கால் தரையில் பாவவில்லை. கடை வாசலில் சிலேட்டுப் பலகை மாட்டி எழுதினார்: ‘தாண்டிக்குடி காப்பி. இனிப்பு அந்த மண்ணின் குணம்.’

தினமும் கடைக்கு வருகிற நெல்லையப்ப பிள்ளை, பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். லேசில் எதையும் மெச்சமாட்டார். “பரவால்லவே தேவதாசன். அப்ப இத்தன வருசமா எங்களுக்கு என்னத்தக் கரைச்சுத் தந்தீரு?” என்றார். இவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு மலைக்கும் ஆண்டவர் ஒரு ருசி வைத்திருக்கிறார் என்று கோயில் வாசலில் கண்டவரிடமெல்லாம் சொன்னார்.

மாசியில் இரண்டாவது மூட்டை வந்தது. இனிப்பைக் காணோம், புகையும் இல்லை. நாக்கின் ஓரத்தில் ஒரு புளிப்பு மட்டும்.

“என்னவே, மலைய மாத்திட்டீரா?” என்றார் பிள்ளை.

“அதே மலைதான் அண்ணாச்சி.”

“அப்ப மலைக்கு மேலுக்குச் சரியில்ல போல.”

கடையில் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். இவர் வீட்டுக்கு வந்ததும் சாப்பிடாமல் என்னைக் கடிதம் எழுதச் சொன்னார்.

“வேற எங்கனயோ விளைஞ்ச கொட்டைய அனுப்பிட்டாரு. துரோகம்னே எழுது. இனி உம்ம சரக்கே வேண்டாம்னு போடு.”

“துரோகம்லாம் வேண்டாமே.”

“ஏளா, என் நாக்கு பொய் சொல்லுமா? ஊருக்கே பலகை போட்டுச் சொன்னவன் நான். என் பேரு போச்சு.”

எழுதினேன். திங்கட்கிழமை தபாலில் சேர்ப்பதாகச் சொல்லிக் கைப்பையில் வைத்தேன்.

சனிக்கிழமை கருப்பட்டி வாங்கப் பேட்டைக்குப் போனேன். நூர்முகம்மது அண்ணாச்சியின் கிட்டங்கியில் ராதாபுரம் பக்கத்துக் கருப்பட்டி ஓலைப்பெட்டிகளில் கூரை வரை அடுக்கியிருக்கும். மழையில் இளகாமலிருக்க உள்ளே புகைமூட்டம் போடுவார்கள். அந்த வாசனை சுவரெல்லாம் ஊறிக் கிடக்கும். கதவைத் திறந்ததும் முதல் மூட்டைக் காப்பியை ஒரு மடக்குக் குடித்த மாதிரி இருந்தது.

“அண்ணாச்சி, எங்க காப்பி மூட்டை எப்பவாவது இங்கன இருந்துச்சா?”

“இருந்துச்சே டீச்சர். ஐப்பசி மழையில உங்க தெருவுல முழங்கால் தண்ணி. லாரிக்காரன் இங்கன இறக்கிட்டுப் போயிட்டான். இருபது நாள் கிடந்துச்சு. சார்கிட்ட சொன்னதுக்கு, மழை விட்டதும் பைய வந்து எடுத்துக்கிடுதேன்னாரு.”

“எந்த இடத்துல வச்சீங்க?”

“பெட்டிகளுக்கு நடுவுலதான். ஏன், எறும்பு ஏறிட்டா?”

பிறந்தது முதல் மூக்கில் இருக்கிற வாசனை. அதுவே காப்பியில் வந்தபோது எங்களில் ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை.

வீட்டில் அந்தக் கடிதத்தையும் ஒரு கருப்பட்டியையும் இவர் முன்னால் வைத்தேன். விஷயத்தைச் சொன்னேன். கருப்பட்டியை எடுத்து மோந்தார்.

“இந்த மூட்டையையும் இருபது நாள் அங்கன போட்டா என்ன?”

“போடலாம். பலகையில என்ன எழுதுவீக?”

இவர் கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தார்.

மறுநாள் ஆராதனை முடிந்து வந்ததும் இரண்டாம் மூட்டைக் கொட்டையில் கொஞ்சம் வறுத்தார். வழக்கமாகக் கருக வறுப்பவர், இந்த முறை முன்னதாகவே இறக்கினார். பால் ஊற்றாமல் குடித்தோம். புளிப்பு இருந்தது. ஆனால் இனிப்பைத் தேடாமல் குடித்தபோது நாரத்தைத் தொலியைக் கிள்ளினாற்போல் ஒரு வாசம் எழுந்தது. இருவரும் இரண்டாவது டம்ளர் ஊற்றிக்கொண்டோம். நடந்ததையெல்லாம் மறைக்காமல் கணேஷ்ராமுக்கு வேறு கடிதம் எழுதினேன்.

திங்கட்கிழமை பலகையில் இரண்டாவது வரியை இவர் அழித்துக்கொண்டிருக்கும்போதே பிள்ளை வந்துவிட்டார். இவர் கையைத் துடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார்.

“அப்ப நாலு மாசமா நான் குடிச்சது ராதாபுரம் மண்ணாவே?”

“ஆமா அண்ணாச்சி. கருப்பட்டிப் புகைய மலைன்னு சொல்லிட்டேன். என் தப்பு.”

“உம்ம தப்பு கிடக்கட்டும். என் மருமகன்கிட்ட மண் வாகு, மண் வாகுன்னு ஒரு மணி நேரம் பேசித் தொலைச்சிருக்கேனே, அதுக்கு என்ன சொல்லுதீரு?”

புதுக் காப்பியைக் கொடுத்தார். பிள்ளை நின்றபடியே குடித்தார்.

“புளிக்கி.”

“ஆமா, புளிக்கும்.”

“கெட்ட புளிப்பு இல்ல.” டம்ளரைத் திருப்பித் தந்தார். “கால் கிலோ போடும். கொஞ்சம் சிக்கரி சேர்த்தே போடும். எனக்கு இந்த வயசுல இம்புட்டு மலை தாங்காது.”

சிலர் பழைய இனிப்பு வேண்டுமென்று கேட்டுப் பார்த்து, வேறு கடைக்குப் போனார்கள். இவர் தடுக்கவில்லை.

பத்து நாளில் கணேஷ்ராமின் பதில் வந்தது. குளிர்ந்த காட்டில் பழம் மெதுவாகப் பழுக்கும், புளிப்பு கொட்டைக்குள் தங்கும் என்று எழுதியிருந்தார். செடிகளுக்கு நடுவில் ஆரஞ்சு மரங்கள் நிற்பதால்தான் அந்த வாசம் என்று தன் தகப்பனார் சொல்வார், தனக்கு அது நிச்சயமில்லை என்றும் எழுதியிருந்தார்.

இவர் அந்தக் கடிதத்தையே பலகைக்குப் பக்கத்தில் ஒட்டினார். ‘நிச்சயமில்லை’ என்பதன் கீழே சிவப்பு மசியில் கோடு போட்டார். யாராவது வாசித்துவிட்டு விளக்கம் கேட்டால், அடுப்பைத் தூண்டிக்கொண்டே, “எனக்கும் தெரியாது. ஒரு வாய் குடிச்சுப் பாத்து நீங்க சொல்லுங்க” என்பார்.