சிவனேஸ்வரி சொன்ன ஓம்

எங்கடை வீட்டு மேலறையிலை வாடகைக்கு இருந்த பத்மநாதனை நான் இண்டைக்கும் மன்னிக்கேல்லை. ஆள் நல்லவர், படிச்சவர், ஒரு எறும்புக்கும் கேடு நினையாதவர் எண்டு லண்டன் நோர்பரித் தமிழ்ச் சனம் எனக்கு வந்து விளக்கம் சொல்லத் தேவையில்லை. எல்லாம் எனக்குத் தெரியும். என்ரை குசினியிலை இருந்து என்ரை புட்டைச் சாப்பிட்ட மனிசன்தானே.

எண்பத்தாறாம் ஆண்டு. கோலியர்ஸ் வுட்டிலை நாங்கள் வீடு வாங்கின புதுசு. பத்மநாதன் ஊர்க் கம்பஸிலை மெய்யியல் படிச்சுப்போட்டு இஞ்சை பெற்றோல் ஸ்டேஷனிலை நிண்டவர். ஷிப்ட் முடிஞ்சு காலமை வந்தால் குசினிக் கதிரையிலை குந்திவிடுவார். நான் வெங்காயம் உரிப்பன், அவர் கேள்வி கேப்பார். இவர் செல்வரத்தினம், என்ரை மனிசன், "காலங்காத்தாலை துவங்கியாச்சோ" எண்டு கோட்டைப் போட்டுக்கொண்டு வேலைக்கு ஓடிவிடுவார்.

பழைய கிரேக்கர் தத்துவத்தைக் கட்டுரையா எழுதாமல் ஆக்கள் கதைக்கிற மாதிரித்தான் எழுதினவையாம். ஒருத்தர் கேப்பாராம், மற்றவர் பதில் சொல்லுவாராம். சொல்லிச் சொல்லி, தனக்குத் தெரியும் எண்டு நினைச்சது தெரியாது எண்டு கடைசியிலை முழுசிக்கொண்டு நிப்பாராம்.

"அப்ப சண்டையோ உது?" எண்டு கேட்டன்.

"இல்லை அக்கா. ரெண்டு பேரும் சேர்ந்து தேடுறது."

லைப்ரரியிலை எடுத்த இங்கிலீஷ் புத்தகத்திலை ரெண்டு பக்கம் தமிழிலை சொல்லிக் காட்டினார். பதில் சொல்லுறவர் அரைவாசி இடத்திலை "ஓம்", "அப்பிடித்தான்", "வேறை எப்பிடி இருக்கேலும்" எண்டுதான் சொல்லுறார். "ஓம் போடுறதுக்கு ஏன் ஒரு ஆளை மினக்கெடுத்துவான்? தலையாட்டுற பொம்மை காணுமே" எண்டன். பத்மநாதன் விழுந்து விழுந்து சிரிச்சார். எனக்கும் அந்த நேரம் அந்தாளைப் பிடிச்சுத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

என்ரை தம்பி பாலேந்திரா யாழ்ப்பாணத்திலை, சுன்னாகத்திலை பள்ளிக்கூட மாஸ்ரர். பிறந்ததிலை இருந்து அவன் ஒண்டுக்கும் ஓம் சொன்னதில்லை. சாப்பிடுறியோ எண்டு கேட்டால் பசிக்கேல்லை எண்டுவான், பிறகு ரெண்டு கோப்பை சாப்பிடுவான். அப்பிடிப்பட்டவனிட்டைத் துவக்கோடை இயக்கப் பொடியள் வந்து கூட்டம் வைக்கப் பள்ளிக்கூட மண்டபப் பூட்டின்ரை திறப்பைக் கேட்டிருக்கிறாங்கள். ஏலாது எண்டுபோட்டான். இயக்கங்கள் ஒண்டையொண்டு சுட்டு விழுத்திக்கொண்டிருந்த காலம். நான் நெஞ்சிடியோடை அதைப் பத்மநாதனுக்குச் சொன்னன்.

"அவர் செய்தது சரியோ அக்கா?"

"எனக்குச் சரி பிழை தெரியாது. அவன் உயிரோடை இருந்தால் காணும்."

நான் சொன்னது அவ்வளவுதான். வடிவாய்க் கேளுங்கோ, அவ்வளவுதான்.

கொஞ்ச நாளாலை ஒரு சின்னச் சஞ்சிகையோடை மாப்பிள்ளை மாதிரிச் சிரிச்சுக்கொண்டு வந்தார். நோர்பரியிலை அவரின்ரை கூட்டாளியள் அச்சடிக்கிறது. உள்ளுக்கை ஒரு உரையாடல், நீதியைப் பற்றி. கேக்கிறவருக்கு 'வினவுபவர்' எண்டு பேர். பதில் சொல்லுறது சிவனேஸ்வரி, நான்தான். வெங்காயம் உரிச்சுக்கொண்டு பக்கம் பக்கமாய் ஓம் போடுறாள். முடிவிலை சொல்லுறாள்: சொந்தச் சனத்தைச் சுடுறவன் விடுதலை வாங்கித் தரமாட்டான், சுன்னாகத்திலை படிப்பிக்கிற என்ரை தம்பி பாலேந்திரா அதுக்காகத்தான் திறப்பைக் குடுக்கேல்லை.

"நான் எப்ப உதைச் சொன்னனான்?"

"சொல்லேல்லை அக்கா. கேட்டுக்கொண்டு போயிருந்தால் அங்கைதான் வந்து நிண்டிருப்பியள்."

"பேரை ஏன் போட்டனீர்?"

"அந்தக் கிரேக்கர் தங்கடை ஊர் ஆக்களின்ரை சொந்தப் பேரைத்தான் போட்டவை. அப்பதான் உயிர் இருக்கும்."

"அப்ப உம்மடை பேர் எங்கை?"

"எழுதினவன் உள்ளுக்கை வாறேல்லை அக்கா. அதுதான் முறை."

நாசமாய்ப் போன முறை. ஊரிலை ஒரு பேர் வெளியிலை வந்தால் என்ன நடக்கும் எண்டு தெரியாத மனிசனே? இந்தப் புத்தகம் எல்லாத்தையும் போய்ப் பொறுக்கிக்கொண்டு வாரும் எண்டு கலைச்சன். பாவம், பஸ் ஏறி வீடு வீடாய்ப் போய்க் கொஞ்சம் வாங்கிவந்தார். மிச்சம் தபாலிலை போயிட்டுது. யாழ்ப்பாணத்துக்கும் போயிட்டுது.

மழை விட்டுவிட்டுப் பெய்த ஒரு பின்னேரம் போன் அடிச்சது. கொழும்புக்கு வந்து சேர்ந்து எடுத்தது கலாவதி, பாலேந்திராவின்ரை பெண்சாதி. அழுது முடிச்ச குரல்.

"மச்சாள், திறப்புக் கேட்ட பொடியள் அந்தப் புத்தகத்தைக் கையிலை கொண்டு வந்தவை. உன்ரை அக்கா சொன்னதோ எண்டு கேட்டவை. அக்கா சொல்லேல்லை, ஆரோ எழுதினது எண்டு சொல்லு, விட்டிட்டுப் போறம் எண்டவை. நான் கையைப் பிடிச்சு இழுத்தனான், சொல்லுங்கோ எண்டு."

"என்ன சொன்னவன்?"

"அக்கா சொன்னால் சரியாத்தான் சொல்லியிருப்பா, ஓம் எண்டவர்."

பிறகு கூட்டிக்கொண்டு போனதும், உடம்பை ஒழுங்கை முகப்பிலை கொண்டுவந்து போட்டதும் சொன்னாள். எனக்கு அது ஒண்டும் காதிலை ஏறேல்லை. பிறந்ததிலை இருந்து ஒண்டுக்கும் ஓம் சொல்லாதவன். சொன்னது ஒரேயொரு ஓம், அதுவும் நான் சொல்லாத கதைக்கு. என்ரை ராசா, உனக்கு வேறை நேரம் கிடைக்கேல்லையே.

மாடிப்படியிலை பத்மநாதன் நிண்டுகொண்டிருந்தார். அவருக்கு விளங்கியிருக்க வேணும், கம்பியைப் பிடிச்சபடி அசையாமல் நிண்டார்.

கலாவதி கேட்டாள். "மச்சாள், நீங்கள் உண்மையா அப்பிடிச் சொன்னனீங்கள்தானே? அவர் உங்களை நம்பித்தான் சொன்னவர்."

இல்லை எண்டால் என்ன மிஞ்சும்? பெற்றோல் அடிக்கிற ஒருத்தன் என்ரை வாயிலை வைச்ச வசனத்துக்காக அவளின்ரை புருஷன் செத்தான் எண்டதுதான் மிஞ்சும். அதை வைச்சுக்கொண்டு அவள் எப்பிடிப் பிள்ளையளை வளக்கிறது? லைன் இரைஞ்சுகொண்டு கிடந்தது.

"ஓம்" எண்டன்.

போனை வைச்சன். பத்மநாதன் ரெண்டு படி இறங்கி வந்தார்.

"அக்கா, நீங்கள் அதைச் சொல்லேல்லையே. நான்தானே எழுதினனான்."

"இப்ப சொல்லிப்போட்டன்" எண்டன். "நீர் அறையைக் காலி பண்ணும்."