துரை கேட்ட சொல்

வீரம்மாவுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. விடிந்தால் தூரத்து மேமலை ஏற்றமும் தேயிலைக் கொழுந்துக்கூடையும். பொழுது சாய்ந்தால் லயத்து வீட்டில் படுத்த படுக்கையாய்க் கிடக்கும் புருசன் மாயாண்டி. போன ஆடி மழையில் மண் சரிந்து அவன் கால்கள் இரண்டும் விளங்காமல் போன நாளிலிருந்து, தூக்குவதும் புரட்டுவதும் அவள்தான். அலுப்பில் வாய்க்கு வந்தபடி ஏசுவாள். அவனும் பேசாமல் கேட்டுக்கொள்வான்.

லயத்துக்குப் பக்கத்து மலையில் வேலை கேட்கத்தான் அன்றைக்குத் தோட்டத்து ஆபீசுக்கு வந்தாள். மத்தியானம் ஓடிப்போய் அவனுக்கு ஒரு வாய் கஞ்சி கொடுத்துவிட்டு வரலாம், அவ்வளவுதான் ஆசை. கிளாக்கர் கணேசமூர்த்தி அதைத் தோட்டத்துத் துரையிடம் இங்கிலீசில் எடுத்துச் சொன்னார். துரை அவளைப் பார்த்து ஏதோ கேட்டார்.

"ஆமாங்க தொரை," என்றாள் வீரம்மா.

அந்தத் தோட்டத்தில் துரை வாயைத் திறந்தாலே ஆமாங்கதான். என்ன கேட்டார் என்று விசாரிப்பதெல்லாம் அப்புறம். துரை தலையாட்டிவிட்டு லொறி டிரைவரைக் கூப்பிட்டார்.

"என்னாங்கய்யா சொல்றாரு?"

கணேசமூர்த்தி குரலைத் தாழ்த்தினார். "புருசனால நீ 'பர்டன்ட்'டான்னு கேட்டாரு. ஆமான்னுட்ட. நாளைக்கு அவனை லொறியில ஏத்தி ஹட்டனுக்கு அங்கிட்டு அநாதை மடத்துல விட்டுருவாங்க."

"அப்படின்னா என்னாங்க அர்த்தம்?"

"பாரத்துல அமுங்கிப் போறது. கூடையச் சொமந்தா அப்படிச் சொல்றதில்ல, அத எறக்கி வச்சிரலாமில்ல. கவலை, நோயாளி, எறக்க முடியாத மாதிரி இருக்கிறதுக்குத்தான்."

வீரம்மாவுக்குக் கோபம் வரவில்லை. தனக்கென்றே இங்கிலீசில் இவ்வளவு பொருத்தமாக ஒரு சொல்லை வைத்திருக்கிறார்களே என்றுதான் இருந்தது. மடம் என்றதும் ஒரு நொடி இடுப்பு வலிகூடக் குறைந்தது. அதற்காகத் தன்மேலேயே அவளுக்கு அருவருப்பு வந்தது. அங்கே அவனை யார் புரட்டிப் படுக்க வைப்பார்கள்?

"லொறி வேணாமுங்கய்யா."

"அப்ப பர்டன்ட் இல்லேன்னு நீயே சொல்லணும். சொன்னா பக்கத்து மலை கெடைக்காது. பாரம் இல்லாதவளுக்கு எதுக்குன்னு கேப்பாரு."

வீரம்மா தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு துரையை நேராகப் பார்த்தாள். வாழ்நாளில் எந்தத் துரையிடமும் சொல்லாததைச் சொன்னாள்.

"இல்லீங்க தொரை. அவுக எனக்குப் பாரமே இல்லீங்க."

கணேசமூர்த்தி அதை இங்கிலீசில் சொன்னார். துரைக்குத் திருப்தி. நல்ல பெண் என்று சிரித்து, டிரைவரை அனுப்பிவிட்டார்.

வீரம்மா கூடையை மாட்டிக்கொண்டு மேமலை ஏறினாள். பாதி ஏற்றத்தில் யாரும் இல்லாத இடமாகப் பார்த்து உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள். பிறகு எழுந்து ஏறினாள்.