சேராத எலும்பு

நாற்பத்து மூன்றாம் ஆண்டு தை மாதம், கிழங்கு நடுவதற்காக ரப்பர் மரங்களைச் சாய்த்துக்கொண்டிருந்தபோது ஒரு மரம் திசைமாறி விழுந்தது. நல்லசாமியின் இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாக முறிந்தது. மலாயாவில், கோலா சாவா பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றின் ஆஸ்பத்திரியில் நான் டிரெசராக, மருந்து போட்டுக் கட்டுக் கட்டுகிறவனாக இருந்தேன். ஜப்பான்காரன் வந்து, வெள்ளைக்காரத் துரைமார் ஓடிப்போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரியில் மிச்சமிருந்தது கொஞ்சம் அயோடினும் நானும்தான். மூங்கில் பட்டை வைத்து, பழைய சாக்கைக் கிழித்துக் கட்டினேன்.

அவன் மனைவி மயிலம்மாள் வாசலிலேயே நின்றாள்.

"சேந்துருமா ஐயா?"

"சேரும். முறிஞ்ச இடத்துல முதல்ல குருத்து மாதிரி ஒண்ணு வளரும். அதுல சுண்ணாம்புச் சத்து படிஞ்சு படிஞ்சு கல்லாயிடும். கால் ஆடவே கூடாது. ஆடினா படியறது நிக்காது."

"வெத்தலைக்குப் போடுற சுண்ணாம்பைக் கரைச்சுக் குடுக்கவா?"

"வாய் வெந்துபோகும்மா. நெத்திலி கிடைச்சா முள்ளோட குடு. வெறும் கிழங்கைத் தின்னா உடம்பு வேற எலும்பைக் கரைச்சுத்தான் இதுக்கு எடுக்கும்."

அவள் வீட்டுக்குப் பின்னால் போட்டிருந்த மிளகாயையும் கீரையையும் மூட்டை கட்டிக்கொண்டு, மாற்றி மீன் வாங்கக் கடலோரத்துப் போர்டிக்சனுக்கு நடந்தாள். விடியுமுன் கிளம்பினால் பொழுது சாயத்தான் திரும்புவாள். கையளவு நெத்திலி. அதற்காக மாதம் இரண்டு தடவை நடந்தாள்.

நல்லசாமி படுத்துவிட்டதால் பக்கத்து ஊரான பெடாஸிலிருந்து அவள் தம்பி முருகையா வந்து சேர்ந்தான். அக்காள் வீட்டுக்கு விறகு வெட்டி, கிழங்கு தோண்டி, மாமனைத் தோளில் தாங்கிக் கொல்லைக்குக் கூட்டிப்போனான். இருபத்தெட்டு வயது. அதிகம் பேசமாட்டான்.

எட்டாவது வாரம் காலைத் தடவிப் பார்த்தேன். முறிந்த இடத்தில் முண்டு கெட்டிப்பட்டிருந்தது. எனக்கே சந்தோஷம். பன்னிரண்டாவது வாரம் அதே இடம் என் விரலுக்கடியில் மெதுவாக அசைந்தது. கிழங்குச் சோற்றைத்தான் நான் குற்றம் சொன்னேன்.

அந்த வாரமே மயிலம்மாள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். மழை வந்ததால் வேலையைப் பாதியில் விட்டு வீட்டுக்குப் போனாளாம்.

"கட்டை அவுத்து வச்சுக்கிட்டு, வாயில துணியக் கடிச்சுக்கிட்டு, ரெண்டு கையால காலை முறுக்கிக்கிட்டு இருக்காரு ஐயா. கண்ணுல தண்ணி கொட்டுது. தினமும் அப்படித்தானாம். சேந்துட்டா ஜப்பான்காரன் சயாமுக்குப் புடிச்சுக்கிட்டுப் போயிருவான்னு சொல்றாரு."

சயாமில் ரயில்பாதை போடப் போனவர்களில் ஒருவரும் அதுவரை எங்கள் தோட்டத்துக்குத் திரும்பவில்லை.

"நான் நடந்து வாங்கியாந்த நெத்திலியத் தின்னுட்டே இதைச் செஞ்சிருக்காரு," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்க யார்கிட்டயும் சொல்லாதீங்க," என்றாள்.

"சொல்லமாட்டேன்," என்றேன். அதற்குப் பிறகு கட்டை இறுக்கிக் கட்டுவதை நானே விட்டுவிட்டேன்.

ஆனி மாதம் சயாமுக்கு ஆள் பிடிக்க லாரி வந்தது. வீட்டுக்கு ஒரு ஆள். ஜப்பான்காரன் ஒருவனும் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியும் லயம் லயமாக, வீடு வீடாக வந்தார்கள். நல்லசாமி வீட்டில் என்னைக் காலை அழுத்திக் காட்டச் சொன்னார்கள். அழுத்தினேன். எலும்பு இல்லாத இடம்போல் கால் வளைந்தது. நல்லசாமி அலறினான். ஜப்பான்காரன் முகத்தைச் சுளித்துக் கையை வீசினான்.

கிராணி பெயர்ப்புத்தகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இந்த வீட்டுல இன்னொரு ஆம்பளை இருக்கானே."

முருகையா அடுப்புக்கு விறகு பிளந்துகொண்டிருந்தான். கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான். அவன் பெடாஸ் ஆள், இந்தத் தோட்டத்து ஆள் இல்லை என்று நான் சொல்லியிருக்கலாம். கேட்டிருப்பார்களா, தெரியாது. மயிலம்மாள் புருஷனைப் பார்த்தாள். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான்.

"சட்டை ஒண்ணு எடுத்துக்கறேன்," என்றான் முருகையா. அதற்கும் நேரம் கொடுக்கவில்லை.

லாரி போன பிறகு அவள் அழவில்லை. போர்டிக்சனுக்கு நடப்பதை மட்டும் நிறுத்திவிட்டாள்.

சண்டை முடிந்து நாற்பத்தைந்து கடைசியில், பக்கத்து ஊர் ரந்தாவைச் சேர்ந்த ஒருவன் சயாமிலிருந்து திரும்பி வந்தான். கால்புண் அழுகி முருகையா செத்ததாகவும், ஆற்றோரம் நாலு பேரோடு சேர்த்துப் புதைத்ததாகவும் சொன்னான். அன்றிலிருந்து நல்லசாமி காலைத் தொடவே இல்லை. பட்டை வைத்து இறுக்கிக் கட்டச் சொன்னான். நாலு மாதம் மரக்கட்டைபோல அசையாமல் கிடந்தான். கட்டைப் பிரித்தேன். அவன் எழுந்து நின்றான். கால் மடிந்தது.

சிரம்பான் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். முறிந்த இரண்டு முனைகளும் கரைந்து, வழவழவென்று உருண்டு, தனித்தனியாக மூடிக்கொண்டிருந்தன. நடுவில் கறுப்பாக ஒரு கோடு.

"முதல்லயே அசையாம வச்சிருந்தா சேர்ந்திருக்கும்," என்றார். "இப்ப எலும்புக்கு, தான் முறிஞ்சதே மறந்துபோச்சு. இனி எவ்வளவு நாள் கட்டினாலும் வளராது."

நல்லசாமி தலையாட்டினான். முன்னமே தெரிந்த சேதியைக் கேட்பதுபோல இருந்தது.

பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது மயிலம்மாள் என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"ஒரு தடவ இவர் காலு கெட்டிப்பட்டுச்சுன்னு சொன்னீங்களே, அப்பவே சேந்துருச்சுன்னு கிராணிக்கு எழுதிக் குடுத்திருந்தா இவர்தான போயிருப்பாரு?"

"ஆமா."

"தம்பி இருந்திருப்பான்."

"இருந்திருப்பான்."

"இவர் போயிருந்தா, அப்பவும் நான் உங்ககிட்ட வந்து இதேதான் கேட்டிருப்பேன்," என்றாள்.

தோட்டம் மறுபடி திறந்தபோது அவளுக்கு மட்டும் வேலை கொடுத்தார்கள். நல்லசாமி லயத்து அறைக்குள் உட்கார்ந்தபடியே நகர்ந்தான். நான் அடுத்த வருஷம் மாற்றல் கேட்டு வேறு தோட்டத்துக்குப் போனேன். ஐம்பத்தொன்றில் அவன் செத்துப்போனதாகச் சேதி வந்தது. சாவுக்கு நான் போகவில்லை.