புளியமரத்து ஸ்டாப்பிங்

அந்தப் புளியமரத்தை வெட்டியது செல்லமுத்துதான் என்பது தாழங்குளத்தில் எல்லோருக்கும் தெரியும். அவனும் அதை மறைத்ததில்லை. எண்பத்தேழு செப்டம்பரில் தங்கள் சாதிக்கு இருபது சதவீத இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலையை மறித்தபோது, கள்ளக்குறிச்சியிலிருந்து சங்கராபுரம் போகிற ரோட்டில், ஊர் எல்லையில் நின்ற மரத்துக்கு முதல் கோடாலி அவனுடையது. அதற்காகப் பதினெட்டு நாள் ஜெயிலில் இருந்துவிட்டு வந்தான். திரும்பி வந்த அன்று ஊரே கூடி மாலை போட்டது. "காலேஜுல நம்ம புள்ளைங்களுக்கு சீட்டு கேட்டு உள்ள போனவன்" என்று யாராவது சொன்னால் அவன் கழுத்து தானாக நிமிரும்.

அடுத்த மே மாதம் அவனுடைய மகள் ஜெயசுதா ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது முடித்தாள். வகுப்பில் இரண்டாவது ரேங்க். ஆறாவதுக்கு எங்கே போவது என்ற பேச்சு வீட்டில் எழுந்தது.

"மேட்டுக்காட்டுல நடுநிலைப் பள்ளி இருக்குது. வயல் வரப்புல நடந்தா கால் மணி நேரம். எட்டாவது வரைக்கும் படிக்கட்டும், போதும்" என்றான் செல்லமுத்து.

"நான் சங்கராபுரம் பொண்ணுங்க பள்ளிக்கூடத்துக்குத்தான் போவேன்பா" என்றாள் ஜெயசுதா. விளையாட்டுப் போட்டிக்குப் போனபோது அந்தப் பள்ளியைப் பார்த்திருந்தாள். "அங்க கணக்கு டீச்சர் சைக்கிள்ல வர்றாங்க."

"டீச்சர் சைக்கிள்ல வருவாங்க. நீ எதுல போவ?"

அதுதான் கேள்வி. மரம் இருந்தவரை பஸ் அங்கே நின்றது. போர்டு கிடையாது, கல் கிடையாது. மரம்தான் அடையாளம். டிரைவரும் கண்டக்டரும் "புளியமரத்து ஸ்டாப்பிங்" என்பார்கள். மரம் விழுந்த பிறகு, அங்கே ஒரு ஸ்டாப்பிங் இருந்ததே பஸ்ஸுக்கு மறந்துபோனது. கை காட்டினாலும் ஹாரன் அடித்துக்கொண்டு போய்விடும். எட்டு மாதமாக ஊர் ஜனம் இரண்டு மைல் நடந்து கூட்டு ரோட்டில்தான் ஏறுகிறது. வழி நெடுக இரண்டு பக்கமும் ஆள் உயரக் கரும்பு. பத்து வயதுப் பெண்ணைத் தனியாக அந்த வழியில் விட யாருக்கு மனசு வரும்?

அவன் மனைவி ராணியம்மாள் அதுவரை முறத்தில் கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"எட்டாவதோட நிக்கப்போற பொண்ணுக்கு எந்தக் காலேஜுல சீட்டு கேட்டு நீங்க ஜெயிலுக்குப் போனீங்க?"

செல்லமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனான்.

மறுநாள் சங்கராபுரம் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் வெங்கடேசனைப் பிடித்தான். வெங்கடேசன் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து போண்டாவைப் பிட்டு ஆற வைத்துக்கொண்டிருந்தார்.

"தாழங்குளத்துல பழையபடி நிறுத்தணுங்க. எம் பொண்ணு ஆறாவது சேருது."

"தாழங்குளத்துல ஏது ஸ்டாப்பிங்?"

"புளியமரத்துக்கிட்ட."

"எந்தப் புளியமரம்?" என்றார் வெங்கடேசன், அவனை நன்றாகப் பார்த்துக்கொண்டே. "மரம் இருந்தப்போ ஒத்த ஆளு நின்னாலும் நிறுத்தினோம். டிரைவருக்கு நெழல்ல ஒரு பீடி ஆச்சு. இப்ப வெயில்ல எதுக்கு நிக்கணும்?"

"பொண்ணு படிப்புங்க."

வெங்கடேசன் போண்டாவை மென்று முடித்தார். "பத்துப் பேரு நின்னா நிறுத்தறேன். தெனமும் காலையில பத்துப் பேரு. அதுதான் சட்டம்."

"யாரு போட்ட சட்டம்?"

"நானும் டிரைவரும் இப்ப போட்டது."

பத்துப் பேருக்கு எங்கே போவது? ஊர்ப் பெரியவர்கள் தினமும் சங்கராபுரம் போகிறவர்கள் அல்ல. போகவேண்டியது பிள்ளைகள்தான். செல்லமுத்து தலைமையாசிரியர் சின்னதுரையிடம் போய், அந்த வருடம் ஐந்தாவது முடித்தவர்களின் பெயர்களைக் கேட்டான். ஏழு பெண்கள், ஐந்து பையன்கள். சங்கராபுரத்தில் பையன்களுக்கும் பள்ளி உண்டு.

"எத்தினி பேரு ஆறாவது போறாங்க சார்?"

"நேத்து வரைக்கும் டி.சி. வாங்கினது ரெண்டு பையனுங்க. பொண்ணுங்கள்ல ஒருத்தரும் வரல" என்றார் ஆசிரியர். "நீகூட வரலையேப்பா."

அன்றைக்கே செல்லமுத்து தெருவில் வீடு வீடாக ஏறினான். மறியலுக்கு ஆள் கூப்பிட ஏறிய அதே வீடுகள். "மூத்தவ மாடு மேய்க்கிறா, இவ தம்பியப் பாத்துக்கணும்" என்றார்கள். "வயசுக்கு வந்தா நிறுத்தத்தானே போறோம்" என்றார்கள். ராணியம்மாள் கேட்ட கேள்வியை அவன் ஒவ்வொரு வீட்டிலும் கேட்டான். தான் யோசித்துக் கேட்பது மாதிரியே கேட்டான். நான்கு நாளில் ஜெயசுதாவோடு சேர்த்து ஏழு பேர் ஆனார்கள். மீதி மூன்று பேருக்குக் காலனிக்குத்தான் போகவேண்டும். வகுப்பில் முதல் ரேங்க் வாங்கிய மலர்விழியும் காலனிதான், இருசப்பன் மகள்.

மறியலுக்குப் பிறகு காலனிக்காரர்கள் செல்லமுத்துவின் நிலத்துக்கு வேலைக்கு வரவில்லை. அவனும் கூப்பிடவில்லை. இருசப்பன் வாசலில் மண்வெட்டிக்குக் காம்பு போட்டுக்கொண்டிருந்தான். எழுந்திருக்கவில்லை.

"வாங்க படையாச்சி. இன்னா, வழி தப்பி வந்துட்டீங்களா?"

செல்லமுத்து பஸ் கதையைச் சொன்னான். இருசப்பன் கடைசிவரை கேட்டான். காம்பைக் கல்லில் இரண்டு தட்டுத் தட்டினான்.

"மரம் வெட்டறப்போ எங்களக் கேக்கல. இப்ப பஸ் நிறுத்த நாங்க வேணுமா?"

"வேணும்" என்றான் செல்லமுத்து. "நீங்க இல்லாம பத்து சேராது."

இருசப்பன் மனைவி காசியம்மாள் குடிசைக்குள்ளிருந்து குரல் கொடுத்தாள். "அந்த மரத்து நெழல்ல எங்களுக்கு எடம் இருந்துச்சா? நாங்க எதிர்ப்பக்கம் வெயில்ல நின்னுக்கினு, பஸ் வந்த பெறவுதான் ரோட்டத் தாண்டினோம். எம் பொண்ணு அப்பிடி நிக்க மாட்டா."

அது உண்மை. செல்லமுத்து பிறந்ததிலிருந்து பார்த்தது. மரத்தடி ஊருக்கு, எதிர் ஓரம் காலனிக்கு. யாரும் சொல்லி நடந்ததல்ல, யாரும் மாற்றியதும் இல்லை. இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அவன் அதை நின்று யோசித்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"ஒண்ணாத்தான் நிப்பாங்க" என்றான். "ஒரே பக்கம். நான் சொல்றேன்."

"நீங்க சொல்லுவீங்க. உங்க தெரு?"

"எம் பொண்ணு பக்கத்துல உம் பொண்ணு நிக்கும். மொத நாளு நானும் நிக்கறேன். அதுக்கு மேல தெருவ நான் பாத்துக்கறேன்."

இருசப்பன் உள்ளே திரும்பிப் பார்த்தான். காசியம்மாள் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். செல்லமுத்து வாங்கிக் குடித்தான். குடிக்கிறானா என்று அவர்கள் இருவரும் பார்த்தார்கள்.

பள்ளி திறப்பதற்கு முந்தின இரண்டு நாளும் செல்லமுத்துவும் இருசப்பனும் வெட்டிய மரத்தின் அடிக்கட்டையைச் சுற்றி நான்கு கால் நட்டு, கீற்றுப் போட்டுப் பந்தல் கட்டினார்கள். கீற்று செல்லமுத்துவின் தென்னையிலிருந்து வந்தது. முடைந்தது இருசப்பன். தெருக்காரர்கள் இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். ஒருவன் நின்று, "ஜெயிலுக்குப் போனவன் இப்ப பந்தல்காரன் ஆயிட்டான்" என்றான்.

"வா, நீயும் ஒரு கீத்து புடி" என்றான் செல்லமுத்து. அவன் பிடிக்கவில்லை. ஆனால் அவன் மகள் பெயரும் அந்தப் பத்தில் இருந்தது. அதை எடுக்கச் சொல்லவும் இல்லை.

ஜூன் மாதத் திங்கட்கிழமை காலை ஏழரை மணி. மேற்கே கல்வராயன் மலை மேல் மேகம் குந்தியிருந்தது. ராணியம்மாள் சொம்பில் நெருப்புக் கங்கு போட்டுத் தேய்த்துக் கொடுத்த நீலப் பாவாடையில் ஜெயசுதா அடிக்கட்டையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மலர்விழி. கட்டை ஒரு ஆளுக்குத் தாராளம், இரண்டு பேருக்குக் கொஞ்சம் நெருக்கம். மற்றவர்கள் பந்தலுக்குள் நின்றார்கள். இருசப்பனும் காசியம்மாளும் அதே பக்கத்தில் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

செல்லமுத்து எண்ணினான். ஒன்பது.

"கவியரசனுக்குக் காய்ச்சல்பா" என்றாள் ஜெயசுதா.

அதற்குள் பஸ் தெரிந்தது. வேகம் குறையுமா என்று எல்லோரும் பார்த்தார்கள். குறைந்தது. பந்தலைத் தாண்டி நான்கு அடி போய் நின்றது. வெங்கடேசன் படியில் தொங்கிக்கொண்டு விரலை நீட்டி எண்ணினார்.

"ஒம்பதுதான் இருக்குது."

"பத்து" என்றான் செல்லமுத்து. காலில் செருப்பு இல்லை, இடுப்பில் வயல் வேட்டி. கடைசிப் பிள்ளையை ஏற்றிவிட்டுப் பின்னாலேயே ஏறினான்.

"நீங்க எங்கய்யா?"

"நானும் ஆறாவதுதான்."

பஸ்ஸில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். வெங்கடேசன் சிரிக்காமல் டிக்கெட்டைக் கிழித்து நீட்டினார். ஜன்னலோரம் மலர்விழியும் ஜெயசுதாவும் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். செல்லமுத்து கம்பியைப் பிடித்துக்கொண்டு, மாலை போட்ட அன்று நின்றதைவிட நிமிர்ந்து நின்றான்.

"தாழங்குளம் ஏறியாச்சு, போலாம் ரைட்" என்றார் வெங்கடேசன்.