மூன்று நிமிட முடிவெட்டு

செவ்வாய்க்கிழமை பதினொன்றே காலுக்கு, ஏழாம் வகுப்பில் இருந்த முப்பத்தெட்டுப் பிள்ளைகளுக்கும், இசை டீச்சருக்கும், சன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த தலைமையாசிரியருக்கும் தலையின் வலப்பக்கம் மட்டும் முடி வெட்டப்பட்டிருந்தது. கத்தரிக்கோலோ சீப்போ யார் கையிலும் இல்லை. வெட்டு என்னவோ நூல் பிடித்தாற்போல நேர். ஆகாதவர்கூடக் குறை சொல்ல முடியாது. குறையெல்லாம் இடப்பக்கத்தில்தான். அங்கே ஒரு முடிகூட உதிரவில்லை.

இசை டீச்சர் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பாட்டு எல்லாம் அப்புறம், முதலில் காது திறக்கட்டும் என்று ஒரு பயிற்சி கொடுத்திருந்தார். வீட்டிலோ கடையிலோ அன்றாடம் நடக்கும் ஒரு வேலையின் சத்தத்தை மட்டும் பதிவு செய்து வர வேண்டும். மூன்று நிமிடத்தைத் தாண்டக் கூடாது, மனிதப் பேச்சு ஒரு சொல்லும் விழக் கூடாது. மற்றவர்கள் கண்ணை மூடிக் கேட்டு என்ன வேலை என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒருவன் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுவதைக் கொண்டுவந்தான், ஒருத்தி பால் காய்ச்சுவதைக் கொண்டுவந்தாள். பால் பொங்கும் இடத்தில் முன்பெஞ்சுக்காரர்களுக்கு வாடை அடித்தது உண்மை. ஆனால் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்றாவது ஆளாக வந்தவள் சலூன்காரரின் மகள்.

அந்தச் சலூன்காரரை ஊரே ரேடியோ என்றுதான் கூப்பிட்டது. கடையைத் திறக்கும்போது திறக்கிற வாய், பூட்டும்போதுதான் மூடும். வாய் ஓடினால்தான் அவருக்குக் கையும் ஓடும். மகளுக்காக மூன்று நிமிடம் வாயைக் கட்டுகிறேன் என்று ஒப்புக்கொண்டு, தபால்காரரை நாற்காலியில் உட்காரவைத்து வெட்ட ஆரம்பித்தார். முகம் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. வலப்பக்கம் முடிந்து இடப்பக்கத்துக்கு வருவதற்குள் அடக்க முடியாமல், மழை வருமா என்று தபால்காரரிடம் கேட்டேவிட்டார். அந்த 'ம' வெளியே வருவதற்குள் மகள் பொத்தானை அமுக்கி நிறுத்திவிட்டாள். அப்பா இவ்வளவு நேரம் பேசாமல் இருந்த சந்தோஷத்தில், பதிவானது பாதித் தலைதான் என்பது அவளுக்கு உறைக்கவே இல்லை. அதை வகுப்பில் ஓடவிட்டபோது, கேட்ட தலையெல்லாம் அந்தப் பாதியோடு நின்றுவிட்டது.

பிள்ளைகளுக்கோ தலைகால் புரியவில்லை. மத்தியான மணி அடித்ததும் பள்ளிக்கூடம் மொத்தமும் ஏழாம் வகுப்புச் சன்னலில் தொங்கியது. மிச்சமிருந்த ஒற்றைச் சடையைச் சுழற்றிக்கொண்டு பெண்பிள்ளைகள் வராந்தாவில் ஓடினார்கள். எங்களுக்கும் அதைப் போடுங்கள் என்று எட்டாம் வகுப்பு மனுவே எழுதியது. கொதித்துப்போனவர் தலைமையாசிரியர் ஒருவர்தான். அவருக்கு உச்சி வழுக்கை. வலப்பக்கத்து முடியை நீளமாக வளர்த்து, உச்சியைத் தாண்டி இடக்காது வரை இழுத்துப் படியவைத்து இருபது வருடமாக மானத்தைக் காப்பாற்றி வந்தவர். போனது அந்த வலப்பக்கம். சனிக்கிழமை நண்பகல் வகுப்புப் புகைப்படம். அதற்குள் எல்லாத் தலையும் சரியாகாவிட்டால் அந்தப் பெண்ணுக்கு டி.சி.தான் என்று சொல்லிவிட்டு, சொன்னபடி டி.சி.யை எழுதவைத்துக் கையெழுத்து மட்டும் பாக்கியாக மேசையில் வைத்துக்கொண்டார். அடுத்த பள்ளிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். தாயில்லாத பெண்ணை அவ்வளவு தூரம் தனியே அனுப்ப ரேடியோவால் ஆகாது. டி.சி. கைக்கு வந்தால் படிப்பு அதோடு சரி என்பது அப்பாவுக்கும் மகளுக்கும் தெரிந்தே இருந்தது.

புதன், வியாழன் இரண்டு நாளும் ஊரிலிருந்த கத்தரிகள் எல்லாம் வந்து பார்த்தன. இடப்பக்க முடி கத்தரிக்குள் போகும், கத்தரி மூடும், முடி அப்படியே நிற்கும். ரேடியோவே நேரில் வந்து தலைமையாசிரியர் தலையில் மூன்று கத்தரிகளை மழுங்கடித்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போனார். அவர் பேசாமல் போனதைப் பார்த்துத்தான் ஊருக்கு முதன்முதலாகப் பயம் வந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் மகள் டீச்சரைக் கையோடு கடைக்கு அழைத்துவந்தாள். "சத்தத்துல ஆரம்பிச்சது சத்தத்துலதாம்ப்பா முடியும். நான்தான் பாதியில நிறுத்திட்டேன். இந்தத் தடவை நீங்க பேசிக்கிட்டே வெட்டுங்க" என்றாள். பேச்சு கூடாது என்றாரே டீச்சர் என்று ரேடியோ தயங்கினார். டீச்சர் தன் பாதித் தலையைத் தடவிக்கொண்டார். "தப்பு என்னுதுங்க. உங்க பேச்சும் வேலையில சேர்த்திதான். அது எனக்குத் தெரியல." கை பழக்கத்தில் மறுபடியும் நிறுத்திவிடுவேனோ என்று பயந்து, பதிவுக் கருவியை டீச்சரிடம் கொடுத்துவிட்டு மகள் வெளியே போய் நின்றுகொண்டாள். நாற்காலியில் தபால்காரரின் அண்ணன். பதிவு இருபத்திரண்டு நிமிடம் ஓடியது.

சனிக்கிழமை பத்து மணிக்கு எல்லோரும் கழுத்தில் துண்டோடு கண்ணை மூடி உட்கார்ந்தார்கள். தலைமையாசிரியர் முதல் பெஞ்சில். கத்தரி கிடுகிடுவென்று ஆரம்பித்தது, கூடவே குரலும். மழை, பஸ், தபால்காரர் குடும்பத்து மூட்டுவலி என்று போய், தலை இடப்பக்கம் திரும்பியபோது பேச்சும் திரும்பியது. "நம்ம பாப்பாவ ஸ்கூல்ல விட்ட அன்னைக்கு கடைய பூட்டிட்டு ஸ்கூல் கேட்டு பக்கத்துலயே நின்னேங்க. ஒரு தடவகூட திரும்பிப் பாக்காம உள்ள ஓடிட்டா. அடிப்பாவின்னு இருந்துச்சு. அப்புறம் யோசிச்சேன், இதுக்குத்தானடா சேர்த்தோம்னு. அவ அப்படி ஓடுறத தினம் பாக்கணும், அவ்வளவுதாங்க எனக்கு." கடைக்கு வருகிற எல்லோரிடமும் அவர் சொல்லி வந்ததுதான் இது. மகள் மட்டும்தான் கேட்டதில்லை. மூடிய கண்ணிலிருந்து வழிந்ததை அவள் துடைக்கவில்லை, துடைத்தால் தலை ஆடிவிடும்.

கண்ணைத் திறந்தபோது நாற்பது தலையும் ஒழுங்காக இருந்தன. பெண்களுக்குத் தோள்வரை, மற்றவர்களுக்குக் காதுவரை. தலைமையாசிரியர் சன்னல் கண்ணாடியில் தன் வழுக்கையை வெகுநேரம் பார்த்தார். ஐந்து வயது குறைந்திருந்தது என்பதை அவரே மறுக்கவில்லை. பிறகு அறைக்குப் போய் டி.சி.யை எடுத்துத் திருப்பிப்போட்டு, பின்பக்கத்தில் எழுதி, அறிவிப்புப் பலகையில் தன் கையாலேயே குத்தினார். மாதத்தின் முதல் திங்கள், இரண்டாம் பாடவேளை, முடிவெட்டு. துண்டு அவரவர் கொண்டுவர வேண்டும். எட்டாம் வகுப்பும் வரலாம்.